ஊசியிலைக் காட்டில் ஒரு காலை



நான் தாயில்பட்டிக்காரன். கரிசல் மண்ணும், அதில் நிற்கும் வேம்பும் பனையும், பட்டாசு உலரும் வெயிலுமே நான் அறிந்த உலகம். ஆகவே, கொடைக்கானலின் பைன் காட்டினுள் முதன்முறையாக அடியெடுத்து வைத்தபோது, வேறொரு நாட்டிற்கே வந்துவிட்டதாக எண்ணினேன். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். தூண்களைப் போல் நிமிர்ந்த மரங்கள். காலடியில் மெத்தையெனக் குவிந்த ஊசியிலைகள்.

சிறிது நேரம் சென்ற பின்னரே ஒன்றை உணர்ந்தேன். அங்கே பறவையின் குரலே கேட்கவில்லை. அடர்ந்த நிழலும், எளிதில் மட்காத இலைப்படுகையும் கீழே செடிகொடிகளை வளரவிடுவதில்லை. செடி குறைந்தால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் பறவைக்கு உணவு ஏது?

வேறொரு நாடு என்று நான் எண்ணியதும் ஒருவகையில் மெய்யே. அங்குள்ள பைன் வகைகளுள் ஒன்று மெக்சிகோவிற்கு உரியது. மலைப்புல்வெளியில் மனிதர் கொணர்ந்து நட்டது. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குலத்து மரம் ஒன்றே ஒன்றுதான். அதன் அறிவியற்பெயர் நாகியா வாலிச்சியானா. விந்தை என்னவெனில், அதன் இலை ஊசியாக இராது, அகன்றே இருக்கும்!

அருகிலிருந்த சோலைக்காட்டிற்குச் சென்றேன். பாசி படர்ந்த குட்டை மரங்களிடையே செம்மஞ்சள் மேனியும் கரிய சிறகும் உடைய ஈப்பிடிப்பான் ஒன்று தாவியது. உச்சிக்கிளையில் மலையணில் குரல் கொடுத்தது. ஓரத்துப் புல்வெளியில் காட்டுமாடுகள் அமைதியாக மேய்ந்தன. சோலையின் அடியில் மண் ஈரமாயிருந்தது. அங்கிருந்து ஓர் ஓடை கசிந்து ஓடியது. சோலையும் புல்வெளியும் மழைநீரை உள்வாங்கி, மெல்ல மெல்லக் கீழே அனுப்புகின்றன.

அப்படியானால் பைன் மரங்களை உடனே வெட்டிவிடலாமா? அவசரம் வேண்டா. சோலையை ஒட்டிய பைன் நிழலில் சோலைமரக் கன்றுகள் சில தலைதூக்கி நிற்பதையும் கண்டேன். பொறுமையுடன் பேணினால் பழைய காடு மீளக்கூடும்.

நம் வெம்பக்கோட்டை அணைக்கு நீர்தரும் வைப்பாறும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறப்பதே. அம்மலையில் திருவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. புலி வாழும் காட்டைக் காப்பது, கரிசல் நிலத்தார் குடிக்கும் நீரைக் காப்பதும் ஆகும்.

நீங்கள் மலைக்குச் செல்லும்போது, மரங்களைக் கண்டு மகிழ்வதோடு நில்லாதீர்கள். சற்று நின்று, அங்கே எவ்வுயிரின் குரல் கேட்கிறது என்று செவிகொடுங்கள்.