பாரிஸ் பயணமும் பாதுகாப்பான உணவும்: குளூட்டன் தவிர்க்க வேண்டிய பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

(இலண்டன்வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை நெருங்கும்போது நம்மில் பலர் பாரிசுக்குப் பயணமாகின்றோம். உறவினர் வீட்டுத் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, ஆவணி மாதத்தையொட்டி நடைபெறும் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா என்று காரணங்கள் பல. சென் பாங்ரஸ் நிலையத்தில் தொடருந்து ஏறினால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் கார் து நோர் நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் லா சப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் கொத்துரொட்டி ஓசையும் நம்மை வரவேற்கின்றன. ஆயினும் நம்மிடையே சில பிள்ளைகளுக்கு இந்த வரவேற்பே அச்சத்தைத் தருகின்றது. சீலியாக் என்னும் நோயுடன் வாழும் பிள்ளைகளே அவர்கள். அவர்கள் அந்நகரில் எவ்வாறு பாதுகாப்பாக உண்பது, உறவினராகிய நாம் அவர்களுக்கு எவ்வாறு துணைநிற்பது என்பதே எனது இன்றைய உரையின் பொருள்.

முதலில் இந்நோயைப் பற்றிச் சில சொற்கள். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியே குளூட்டன். சீலியாக் நோயுள்ளவர் இதனை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தனது சிறுகுடலையே தாக்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலின் நுண்விரல்கள் சிதைகின்றன. இதனால் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, குருதிச்சோகை, களைப்பு, வளர்ச்சிக் குறைவு, எலும்புத் தேய்வு என்பன தோன்றுகின்றன. வெளிப்படையான அறிகுறி எதுவுமின்றியே குடல் சிதைந்துகொண்டிருப்பதும் உண்டு. பிரித்தானியாவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் காணப்படுகின்றது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் ஏனையோருக்கு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக உயர்கின்றது. ஐயம் உள்ளவர்கள் குருதிப் பரிசோதனை முடியும் வரை கோதுமை உணவை நிறுத்தலாகாது. முன்கூட்டியே நிறுத்திவிட்டால் பரிசோதனை உண்மையைக் காட்டாமற் போகலாம்.

1888ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயை விரித்து எழுதினார். உணவே இதற்கு மருந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் எந்த உணவு தீங்கானது என்பது அன்று விளங்கவில்லை. அதனை விளக்கியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டு மக்கள் பாண் இன்றிப் பட்டினி கிடந்தனர். கோதுமையை விலக்குவதால் இப்பிள்ளைகள் தேறுவர் என்று முன்னரே கருதிவந்த டிக்கேயின் எண்ணத்தை அக்காலம் உறுதிப்படுத்தியது. பாண் மீண்டும் கிடைத்தபோது பிள்ளைகள் மீண்டும் நோயுற்றனர். 1950இல் அவர் தமது ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை நிறுவினார். இன்று வரை இந்நோய்க்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சையாக உள்ளது.

இங்குதான் நமது வீடுகளில் ஒரு சிக்கல் எழுகின்றது. "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது பிள்ளை" என்று அன்பு மிகுதியால் மாமியும் சித்தியும் வற்புறுத்துகின்றார்கள். இது அன்புதான், ஐயமில்லை. ஆனால் உண்மை வேறு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதங்கள் உட்கொண்டாலே குடல் சிதையக்கூடும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு துண்டுப் பாணில் இதைவிடப் பல மடங்கு குளூட்டன் உள்ளது. குளூட்டன் ஒரு கிருமியன்று. அவித்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை. பக்தியுடன் படைத்த பிரசாதமாயினும், பாசத்துடன் ஊட்டிய உருண்டையாயினும் குடலுக்கு வேறுபாடு தெரியாது.

நமது உணவு அரிசி உணவுதானே, பிறகேன் அச்சம் என்று சிலர் கேட்கக்கூடும். சோறு, பருப்பு, மரக்கறி, மீன், தேங்காய், குரக்கன், ஒடியல் மா, உளுந்து ஆகியன இயல்பாகவே குளூட்டன் அற்றவை. எனினும் நமது சமையலறைக்குள் கோதுமை பல பெயர்களில் புகுந்துள்ளது. பிட்டும் இடியப்பமும் பல வீடுகளில் அவித்த கோதுமை மாவிலேயே ஆகின்றன. யாழ்ப்பாணத்துத் தோசை மாவிலும் அப்ப மாவிலும் கோதுமை மா சேர்க்கும் வழக்கம் உண்டு. உளுந்து வடை மென்மையாக அமைய ஒரு பிடி மா சேர்ப்போரும் உளர். கடைகளில் விற்கும் பெருங்காயத் தூள் பெரும்பாலும் கோதுமை மா கலந்தது. அது இரசத்திலும் சாம்பாரிலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகின்றது. ஹோர்லிக்ஸ் போன்ற பானங்களில் கோதுமையும் பார்லியும் உள்ளன. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுகின்றது. சோயா மீற் பொதிகளிலும் கோதுமை இருக்கக்கூடும்.

பெயர்க் குழப்பத்தையும் இளையோர் அறிந்திருத்தல் வேண்டும். நமது மூத்தோர் பலர் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்றோ, 'வெள்ளை மா' என்றோ, வெறுமனே 'மா' என்றோ கூறுவர். இந்தியத் தமிழர் 'மைதா' என்பர். "இதில் கோதுமை உண்டா?" என்று நீங்கள் கேட்டால், "இல்லைப் பிள்ளை, அவித்த மாதான்" என்ற விடை வரலாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் பிழையாகக் கேட்கவில்லை. இருவருக்கும் இடையில் ஒரு சொல் தவறிவிட்டது. அந்த ஒரு சொல்லின் விலை ஒரு பிள்ளையின் உடல்நலம்.

இனி, பயணத்தைப் பற்றிப் பார்ப்போம்.

புறப்படுமுன் உணவு கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 2021 சனவரி முதல் பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் பாலுணவும் பொதுவாகக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. ஆகவே கோழிக்கறியையும் பாற்கட்டியையும் விடுத்து, தேங்காய்ச் சோறு, கடலை, அரிசி மாப் பலகாரம், குளூட்டன் அற்ற பிஸ்கட் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். விமானத்தில் செல்வோர் குளூட்டன் அற்ற உணவைப் பயணச்சீட்டுப் பதிவின்போதே கேட்டுப் பெறுதல் வேண்டும். அதற்கான குறியீடு ஜீ.எஃப்.எம்.எல். என்பதாகும். அவ்வுணவு தவறிவிடுவதும் உண்டு. எனவே கைப்பையில் எப்போதும் ஒரு வேளை உணவு இருக்கட்டும். பிரித்தானிய உலகளாவிய மருத்துவக் காப்பு அட்டையையும் மறவாதீர்கள்.

பாரிசில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 திசம்பர் 13 முதல், குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பொதிகளின் உள்ளடக்கப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிடல் வேண்டும். பிரான்சில் 2015 யூலை 1 முதல் உணவகங்களும் இத்தகவலை எழுத்து வடிவில் வைத்திருத்தல் கட்டாயமாகும். அதனைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை; வெட்கப்பட வேண்டியதில்லை. பொதியில் 'சான் குளூத்தென்' என்று பிரெஞ்சில் எழுதப்பட்டிருந்தால், அதில் ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது. கோட்டினால் வெட்டப்பட்ட கோதுமைக் கதிர்ச் சின்னமும் நம்பத்தக்க அடையாளமே.

சில பிரெஞ்சுச் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். ப்ளே, ஃப்ரோமோன் என்பன கோதுமை. ஓர்ஜ் என்பது பார்லி. செக்ல் என்பது றை. ஃபரீன் என்பது மா. ஸமூல் என்பது றவை. "ஜ ஸ்வி செலியாக்" என்றால் "எனக்குச் சீலியாக் நோய் உள்ளது" என்று பொருள். எழுதிக் காட்டுவது இன்னும் நன்று.

பிரெத்தோன் கடைகளில் கிடைக்கும் கலெத் என்னும் தட்டையான உணவு கருங்கோதுமை எனப்படும் சரசான் மாவினாலானது. பெயரில் கோதுமை இருப்பினும் சரசான் கோதுமை இனத்தைச் சேர்ந்ததன்று. அதில் குளூட்டன் இல்லை. ஆனால் பல கடைகளில் அதனுடன் கோதுமை மா கலக்கின்றனர். அல்லது கோதுமைக் கிறேப் சுடும் அதே கல்லில் சுடுகின்றனர். இரண்டையும் கேட்டறிந்த பின்னரே உண்ணுங்கள். குளூட்டன் முற்றிலும் அற்ற வெதுப்பகங்களும் அந்நகரில் உள்ளன. 2014இல் 11ஆம் வட்டாரத்தில் தொடங்கிய, அரிசி மாவில் பாண் சுடும் ஷம்பெலான் அத்தகையது. பாரிசின் பாண் கடைகளை ஏக்கத்துடன் கடந்து செல்லும் ஒரு பிள்ளைக்கு அங்கு அச்சமின்றி ஒரு பாண் வாங்கிக் கொடுங்கள். அது சிறிய மகிழ்ச்சியன்று.

லா சப்பலில் நிலைமை வேறு. இலண்டனில் பிறந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியாது. சமையலறையில் நிற்கும் அண்ணருக்கு ஆங்கிலம் பழக்கமில்லாதிருக்கலாம். இருவருக்கும் பொதுவான மொழி தமிழ் ஒன்றே. தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள் என்று நாம் மேடைதோறும் பேசுகின்றோம். பண்பாட்டுக்காக, அடையாளத்துக்காக என்கின்றோம். இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உயிர்நலத்துக்கான மொழியுமாகும். எனவே பின்வரும் வரிகளை ஒரு அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். பிள்ளை அதனை வாய்விட்டு வாசிக்கவும் பழகட்டும்.

"எனக்குச் சீலியாக் நோய் உள்ளது. கோதுமை மா, அவித்த மா, அமெரிக்கன் மா, மைதா, ஆட்டா, றவை, சேமியா, பார்லி, பாண் தூள் எதுவும் நான் உண்ணக்கூடாது. பெருங்காயத் தூளிலும் சோயா சோஸிலும் கோதுமை இருக்கலாம். ரோல்ஸ், கட்லட் பொரித்த எண்ணெயில் எனது உணவைப் பொரிக்க வேண்டாம். ரொட்டி போட்ட கல்லில் சுட வேண்டாம். கழுவிய சட்டியும் கழுவிய கரண்டியும் பயன்படுத்தித் தாருங்கள். இயலாவிடில் இயலாது என்று சொல்லுங்கள்; நான் வருந்தமாட்டேன். நன்றி."

கடைசி வரி மிக முக்கியமானது. நம்மவர்க்கு 'இல்லை' என்று சொல்வது கடினம். வந்தவரை வெறுங்கையுடன் அனுப்புவது குறை என்று எண்ணி, ஐயத்துடன் இருப்பதையும் "சரி, சாப்பிடுங்கோ" என்று கொடுத்துவிடுவோம். மறுப்பதற்கு நாமே வழி திறந்துவிட்டால் உண்மையான விடை கிடைக்கும். விடை தெளிவில்லையெனில் வெறும் சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றுடன் அந்த வேளையைக் கடத்துவதே நன்று.

தேர்த் திருவிழா நாளில் வீதியெங்கும் தண்ணீரும் உணவும் இலவசமாக வழங்கப்படுகின்றன. கொடுக்கும் தொண்டருக்கு உள்ளே என்ன சேர்ந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உடைத்த தேங்காயையும் பழத்தையும் பெற்று, ஏனையவற்றைக் கைகூப்பி விலக்கலாம். லூர்து அன்னையின் திருத்தலம் செல்லும் கத்தோலிக்கக் குடும்பங்களும் குருவானவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். குளூட்டன் அறவே அற்ற அப்பம் திருப்பலிக்கு ஏற்றதன்று. ஆயினும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் ஏற்புடையது என வத்திக்கான் 2017இல் மீண்டும் அறிவித்துள்ளது.

விருந்தளிக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனிச் சமையல் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்குரியதை முதலில் சமைத்து மூடி வையுங்கள். முதலில் அவருக்கே பரிமாறுங்கள். ரொட்டி தொட்ட கையும் கரண்டியும் அந்தச் சட்டிக்குள் செல்லாதிருக்கட்டும். அன்று எல்லோருக்கும் அரிசி மாப் பிட்டே அவித்தால் எவருக்கும் குறைவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் தனித்து நிற்க வேண்டியுமில்லை.

இளையோரே, தவறுதலாக உண்டுவிட்டால் மறைக்காதீர்கள். நீர் அருந்தி, ஓய்வெடுத்து, பெரியோரிடம் கூறுங்கள். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அதில் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டால், வைத்திருக்கும் அட்ரினலின் ஊசியைச் செலுத்தி, உடனே 112 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லும்போது அருகிலிருந்து அந்தச் சொல்லுக்கு வலுச்சேர்ப்பது உங்கள் கடமை. "அவன் சும்மா அடம்பிடிக்கிறான்" என்று உறவினர் முன் சிரித்து மழுப்பாதீர்கள். வீட்டார் முன்னிலையில் ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை, அடுத்தமுறை வாய் திறக்காமல் உண்டுவிடும். விருந்தோம்பல் நமது இனத்தின் பெருமை என்கின்றோம். விருந்தினர் உண்டபின் நலமுடன் எழுவதே அந்தப் பெருமையின் அளவுகோல் என்று கூறி, எனது உரையை நிறைவு செய்கின்றேன்.