தைவரல்: கண்ணாடி மேல் ஒரு விரல்

யாங்கோனிலிருந்து பேசுகிறேன். இங்கே மின்சாரம் முறை வைத்து வந்துபோகும். நடுவில் நான் காணாமல் போனால் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

ஐபேடில் விரலால் தொட்டு இசைக்கும் காரேஜ்பேண்ட் என்ற செயலியைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். சிலப்பதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன். கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியதும் பாடிவிடுவதில்லை. நரம்பைப் பண்ணுக்கு அமைக்கிறாள், ஆராய்கிறாள், தடவிப் பார்க்கிறாள். இப்படி எட்டு வகைக் கைத்தொழில்களை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்றின் பெயர் தைவரல். தைவரல் என்றால் தடவுதல். கருவியின் இயல்பை விரல் அறிந்த பிறகுதான் பாட்டு.

அந்த யாழ் தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டபோது, பழம்பாடல்களையும் சிற்பங்களையும் சுரக் கணக்குகளையும் கொண்டுதான் அதை மீட்க வேண்டியிருந்தது. நான் இருக்கும் ஊரிலோ அதன் உறவுக்காரி இன்னும் உயிரோடு இருக்கிறாள். பர்மியர்கள் அவளைச் சவுங் என்கிறார்கள். வளைந்த கழுத்து, படகு போன்ற உடல். வலது கை விரல்கள் நரம்பை மீட்டும். இடது கைக் கட்டைவிரல் நகம் நரம்பை அழுத்திச் சுரத்தை மேலேற்றும்.

நான் சங்கீதம் முறையாகக் கற்றவன் இல்லை. இந்த வயதில் ஐபேடைத் தொட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. நம்மவர்கள் பெருங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்களின் வீடுகளில் தாலாட்டும் கும்மியும் பாட்டிமார் வாயில் மட்டும் நின்றன. பேரப்பிள்ளைகள் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், பர்மிய மொழியில் விளையாடுகிறார்கள். பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. காதில் போட்டால் கேட்பார்கள். அதனால்தான் இந்தச் செயலி. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது. எங்கள் ஊரில் அது பெரிய வசதி.

திறந்ததும் ஒரு பியானோ வந்து நிற்கும். ஒரு பொத்தானைத் தொட்டு ஏதாவது ஒரு சுர வரிசையைத் தேர்ந்தெடுத்தால், வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டை எல்லாம் மறைந்து, அந்த வரிசையின் சுரங்கள் மட்டும் பட்டைகளாக நிற்கும். 'மேஜர் பெண்டடோனிக்' என்று இருப்பதைத் தொட்டுப் பாருங்கள். நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள்தான் அவை. 'மைனர் பெண்டடோனிக்' என்பது சுத்த தன்யாசியின் சுரங்கள். எங்கே விரல் வைத்தாலும் அபசுரம் வராது. முதல் நாள் எனக்கு வித்வான் ஆகிவிட்டது போலவே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் பாடும் தாலாட்டை அதில் சுரம் சுரமாக வாசித்து அவரிடமே போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெட்டு என்னோடதுதான் தம்பி. ஆனா இதுக்குப் பிள்ளை தூங்காது."

அபசுரம் வராமல் காக்கிற அதே வேலி, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலிருக்கிற வழியையும் அடைத்துவிடுகிறது. பெரியம்மாவின் தாலாட்டு அந்த வழியில்தான் நடக்கிறது. இது பழைய வழக்கு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. சுரங்களுக்கு நடுவே வழுக்க முடியாத கருவி என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1971 வரை அந்தத் தடை தளரவில்லை.

பர்மியர்கள் வேறு வழியில் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மிண்டோன் மன்னர் காலத்தில், மாண்டலே அரண்மனைக்குப் பியானோ வந்தது. அவர்களுடைய சுர இடைவெளிகள் அதில் கிடையாது. அதற்காக அவர்கள் பியானோவை விரட்டவில்லை. பத்தலா என்ற மூங்கில் வாத்தியத்தை இரண்டு கோல்களால் அடிப்பது போல, ஒரே மெட்டை இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுத்து வாசித்தார்கள். சந்தயா என்று பெயரும் வைத்தார்கள். இன்று கேட்டால் அது பர்மிய வாத்தியம்தான். நம்மவர்களும் இதைச் செய்தவர்களே. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம்மிடம் வந்தது, உட்கார்ந்து வாசிக்கும் கருவியாக மாறியது.

ஆகவே செயலியைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தைவரலுக்குத் திரும்பினேன். தடவத் தடவ மூன்று வழிகள் கிடைத்தன.

முதல் வழி. கட்டைகள் உள்ள பழைய விசைப்பலகைக்கே திரும்பினால், மேலே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டத் தட்ட விரல் நகர்வின் பொருள் மாறும். 'பிட்ச்' என்ற நிலையில் வைத்துக்கொண்டு, கட்டையைத் தொட்டபடியே விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளையும். சவுங் வாசிப்பவரின் கட்டைவிரல் செய்கிற வேலைக்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. முழுக் கமகம் வராது, வாசல் திறக்கும்.

இரண்டாவது, தாளம். செயலியில் 4/4, 3/4, 6/8 என்ற மூன்று கணக்குகள்தான். மிஸ்ர சாப்புக்கு வேண்டிய ஏழு கிடையாது. ஆனால் பகுதியின் நீளத்தை நாம் மாற்றலாம். தானாக எட்டு அளவு இருக்கும், அதை ஏழாக்குங்கள். ஏழு நான்கு இருபத்தெட்டு. நான்கு ஏழும் இருபத்தெட்டு. மிஸ்ர சாப்பு நான்கு ஆவர்த்தம் சுற்றிச் சரியாக முதலிடத்துக்கு வந்துவிடும். டிக் டிக் என்ற மெட்ரோனோமை நிறுத்திவிட்டுக் கையால் தட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். முதலில் குரலைப் பதியுங்கள். பகுதி நீளத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்து, மெட்ரோனோமை அணைத்துவிட்டு, பாட்டியை அவர் மூச்சிலேயே பாடவிடுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தாளக் கட்டத்துக்குள் பிறந்தவை அல்ல. பிறகு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அடியில் ஒரு சுருதியோ ஓரிரு சுரமோ சேருங்கள். சுரங்களைத் தாளக் கோட்டுக்கு இழுத்து நேராக்கும் வசதி ஒன்று உண்டு. நாமாக இயக்கினால்தான் அது வேலை செய்யும். தாலாட்டில் அதைத் தொடாதீர்கள்.

பெரியம்மாவின் பாட்டை அப்படித்தான் மறுபடி பதிந்தோம். கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேத்தி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேட்டாள். பிறகு பாதி பர்மிய மொழியில் கேட்டாள்: "தூளின்னா என்ன?" பெரியம்மா எழுந்து போய்ப் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிக் காட்டினார்.

சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ லண்டனிலோ உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குரல் இருக்கலாம். இசை தெரிந்த பிறகு பதியலாம் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் கற்றுக்கொள்ளக் காலம் இருக்கிறது. அந்தக் குரலுக்கு அவ்வளவு காலம் இல்லை. இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

மின்சாரம் இன்னும் இருக்கிறது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.