லாரி ஓடினால் ஒரு பாலிசி, நின்றால் இன்னொன்று
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"உங்க தொழில் அனுபவத்தைச் சொல்லுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டார். வெற்றிக் கதை சொல்ல வேறு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். நான் ஒரு காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கதையைச் சொல்கிறேன்.

என் தொழில் போர் போடுவது அல்ல. போட்ட போரைச் சுத்தம் செய்வது. நம் தர்மபுரி மாவட்டம் பாறை பூமி. மேல்மண் சரியாமல் இருக்கக் கொஞ்ச ஆழத்துக்குத்தான் கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே வெறும் பாறைத் துளைதான். வருஷம் போகப்போகச் சேறும் மணலும் அடைத்துக்கொள்ளும். லாரிமேல் பூட்டிய கம்ப்ரசரை வைத்துக் காற்றை உள்ளே செலுத்தி அதை வெளியே ஊதித் தள்ளுவோம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். கடை கிடையாது; லாரிதான் கடை.

2012-ல் பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. ஊதும்போது சேற்றோடு ஒரு கல் தெறித்தது. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கண்ணில் பட்டுவிட்டது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. "பயப்படாதீங்க, லாரிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குது" என்று அவர் மகனிடம் நானே சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இரண்டே காரணம். ஒன்று, 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துவதற்கு; இது தனியார் தோட்டம். இரண்டு, வண்டி அப்போது வண்டியாக ஓடவில்லை, கருவியாக இயங்கியது. என் பாலிசியின் பின்பக்கம் ஐ.எம்.டி. 47 என்று ஒரு நிபந்தனை இருந்தது. கிரேன், துளையிடும் ரிக், நடமாடும் இயந்திரம் இவற்றுக்கெல்லாம் போடுவது. கருவியாக இயங்கும்போது வரும் பொறுப்பை, சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மேல் கம்பெனி ஏற்காது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

வீட்டு நகையை விற்றுப் பணம் கொடுத்தேன். அந்தப் பெரியவர் வீட்டம்மா வாங்கிக்கொண்டு, "காசு குடுத்துட்ட தம்பி, கண்ண யார் குடுப்பா?" என்றார். இன்றைக்கும் அந்த வழியே போனால் அந்த வார்த்தை காதில் விழும்.

பிறகுதான் சரியான பாலிசி தேட ஆரம்பித்தேன். ஒரு ஏஜெண்ட், "பப்ளிக் லயபிலிட்டிதானே சார், போட்டுடலாம்" என்று ஒரு பாரத்தை நீட்டினார். நல்லவேளை, இன்சூரன்ஸ் துறையில் வேலை பார்த்த நம் வகுப்பு நண்பன் ஒருவனிடம் காட்டினேன். "ஏன்டா, இது 1991-ம் வருஷச் சட்டப்படி போடுறது. போபால் விபத்துக்கு அப்புறம் வந்தது. அபாயகரமான ரசாயனம் வச்சிருக்கிறவனுக்குத்தான் இது. உனக்கு எதுக்கு?" என்று கேட்டான். பெயர் ஒன்று, சரக்கு வேறு!

அவன் சொல்லித்தான் என் தேவையைப் பிரித்துப் பார்த்தேன். ரோட்டில் ஓடும்போது மோட்டார் பாலிசி. கம்ப்ரசருக்குச் சேதம் வந்தால் ஒப்பந்ததாரர் இயந்திரப் பாலிசி. என் ஆட்களுக்கு அப்போது நடப்பிலிருந்த 1923-ம் வருஷச் சட்டப்படியான தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி. வேலை நடக்கும் இடத்தில் வெளியாருக்கு அடிபட்டால் தொழிற்சாலை அல்லாத தொழில்களுக்கான பொதுப் பொறுப்புப் பாலிசி. எனக்கு இல்லாமல் போனது இந்தக் கடைசிக் காகிதம்தான்.

அதிலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, இடம். விலாசம் என்று வீட்டு முகவரியை மட்டும் எழுதினால் வீட்டு வாசலில் நடப்பதற்குத்தான் பாதுகாப்பு. வேலை நடக்கும் எல்லா இடமும் என்று எழுதி வாங்க வேண்டும். இரண்டாவது, தொகை. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷம் முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்பு உண்டு. மூன்றாவது, தொடர்ச்சி. இந்தப் பாலிசி பெரும்பாலும் கோரிக்கை வரும் நாளில் நடப்பில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டுவிட்டால், பழைய வேலைக்குப் பிறகு வரும் கோரிக்கை நம் தலையில்தான்.

இவ்வளவு இருந்தும் ஒரு ஓட்டை உண்டு. நம் பொறுப்பில் எடுத்து வேலை செய்யும் பொருளுக்கே சேதம் வந்தால் இந்தப் பாலிசி பொதுவாகத் தராது. அதாவது விவசாயியின் போருக்கும் மோட்டாருக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் முதலில் மோட்டாரை மேலே எடுத்துக் காட்டி, நிலைமையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே ஊதுகிறோம். சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துகிறோம். கயிற்றுக்குப் பிரீமியம் கிடையாது!

தம்பி தங்கைகளே! நடமாடும் மாவு மில்லோ, வெல்டிங் வண்டியோ, எந்தத் தொழில் தொடங்கினாலும் என்ன வேலை, எங்கே, எதைக்கொண்டு என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, தனிநபர் தொழிலும் குறுந்தொழிலும் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்; மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 

இந்தக் கல்லூரியில் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பின்பக்கத்தையும் படிக்க வேண்டும் என்பதை அந்தப் பெரியவரின் கண்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நீங்கள் அந்த விலை கொடுக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.