கச்சேரி வாசலில் அமர்ந்தவர்கள்



எங்கள் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "எங்கட ஆக்கள் ஏன் அப்பிடிச் செய்யேல்லை?" என்று கேட்கிறார்கள். "செய்து பார்த்தது, சரிவரேல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் இருப்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1956 யூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் கொழும்பு காலிமுகத்திடலில் அமர்ந்தார்கள். காடையர்கள் தாக்கினார்கள். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் பாராளுமன்றத்துக்குப் போனார். இது பலருக்கும் தெரிந்த கதை.

1961ஐப் பற்றி நாங்கள் குறைவாகவே பேசுகிறோம். அந்த ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. (கச்சேரி என்றதும் இங்கே பிறந்த பிள்ளைகள் பாட்டுக் கச்சேரி என்று நினைக்கக்கூடும். இது அரசாங்க அதிபரின் அலுவலகம்.) பொலிஸார் இழுத்தார்கள், அடித்தார்கள். அடுத்த நாள் இன்னும் கூடுதலான சனம் வந்தது. பெண்கள் வந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று அது பரவியது. முஸ்லிம்களும் வந்து அமர்ந்தார்கள். வடக்குக் கிழக்கில் அரச நிர்வாகம் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

அகிம்சை என்பது அடிவாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அரசு துவக்கால் மட்டும் நடப்பதில்லை. கிளாக்கர் கதிரையில் இருக்க வேண்டும், சனம் படிவத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்த ஒத்துழைப்பை நிறுத்தினால் பெரிய அலுவலகமும் வெறும் கட்டடந்தான். ஏப்ரல் 14ஆம் திகதி தந்தை செல்வா சொந்தமாகத் தபால் சேவையே தொடங்கினார், முத்திரையும் விற்றார்கள். மூன்று நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது. பின்னால் இராணுவம் வந்தது. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை முகாமில் பல மாதங்கள் அடைபட்டார்கள். மங்கையர்க்கரசி அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர்.

அப்படியானால் எது சரிவரவில்லை? என் எண்ணம் இது. சத்தியாக்கிரகத்துக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று, ஒத்துழைப்பை மறுப்பது. அதை எங்கள் மக்கள் செய்து காட்டினார்கள். மற்றது, எதிர்த் தரப்பு மக்களின் மனதைத் தொடுவது. 1930 மே மாதம் தராசனா உப்பளத்தில் தொண்டர்கள் அடிவாங்கியதை அமெரிக்க நிருபர் வெப் மில்லர் எழுதினார், உலகம் வாசித்தது. 1961இல் தென்னிலங்கையில் எங்களுக்காகப் பெருந்திரள் எழவில்லை. வெளிநாடுகளுக்கும் செய்தி பெரிதாகப் போகவில்லை. ஒற்றைக் காலில்தான் நின்றோம். அதற்கான பழியை அமர்ந்திருந்தவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. அடிவாங்குபவனுக்கே பொறுமையைப் போதிக்கும் உலகம், அடிப்பவனிடம் அதே பாடத்தைக் கொண்டுபோவது அருமை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

போர் முடிந்த பிறகும் எங்கள் பெண்கள் இந்த வழியைக் கைவிடவில்லை. 2017 சனவரி 31ஆம் திகதி கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில், தங்கள் காணியைப் பிடித்திருந்த விமானப்படை முகாமின் வாசலில், பிள்ளைகுட்டிகளோடு அமர்ந்தார்கள். இரவு பகலாக ஒரு மாதம். மார்ச் 1ஆம் திகதி காணி திரும்பக் கிடைத்தது.

அந்த நாட்களிலேயே, பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு அமர்ந்தார்கள். 1961இல் கச்சேரி வாசலில் அமர்ந்த அதே திகதி. அவர்களின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.