பரங்கிமலையின் வயது: மாணவர்க்குப் புவிக்காலம் கற்பித்தல்

கோடி ஆண்டு என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பதை மனப்பாடம் செய்வது கடினமல்ல. கேம்பிரியன், ஜுராசிக், கிரட்டேசியஸ் என்று வரிசையையும் ஒப்பித்துவிடலாம். ஆனால் டைனோசர்கள் மறைந்ததற்கும் மனிதன் தோன்றியதற்கும் நடுவே எவ்வளவு காலம் என்று கேட்டால் அந்த மனப்பாடம் உதவுவதில்லை. வரிசை தெரிந்திருக்கும், இடைவெளி தெரிந்திருக்காது. இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டுமன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்லி, நோவிக் ஆகியோர் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்விலும், உயிர் வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகளுக்கு மாணவர்கள் சொன்ன காலங்கள் உண்மையிலிருந்து பல மடங்கு விலகியே இருந்தன. பெரிய எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் இது தீராது. எவ்வளவு மெதுவாக எது நடக்கிறது என்ற வேகக் கணக்கிலிருந்து தொடங்கவேண்டும். அந்த வேகம் பதிந்திருக்கும் கல்லையும் கையில் கொடுக்கவேண்டும். சென்னையில் அந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை.

மாம்பலத்தில் மின்ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பரங்கிமலை. அந்த மலையும் அதற்கு அப்பால் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே இனக் கல்தான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு இட்டார். உலகெங்கும் புவியியலார் வழங்கும் பெயர் ஒன்று நம் குன்றின் கல்லிலிருந்து பிறந்திருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது தெரியாமல் போவது வருத்தத்துக்குரியது. புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்தால் பச்சை கலந்த கருநிறமும் எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்பும் தெரியும். வீட்டு அம்மிக்கல்லை நினைவூட்டும் சாதாரணக் கருங்கல்தான். ஆனால் இதிலுள்ள கனிமங்கள் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 20 கிலோமீட்டரோ அதற்கும் மேலோ ஆழத்தில் உருவானவை. அப்படியானால் இன்று இது வெயிலில் கிடப்பது எப்படி? மேலே மூடியிருந்த பாறை முழுவதும் போயிருக்க வேண்டும். இங்கே பிள்ளையின் கையில் கணக்கைக் கொடுக்கலாம். பழைய, அசையாத நிலப்பரப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறாண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்; 250 கோடி ஆண்டுகளில் 25 கிலோமீட்டர். சென்னைச் சார்னோகைட்டின் வயது ஏறக்குறைய அந்த 250 கோடிதான். பாறை ஒரே சீராக மேலே வரவில்லை, நிலம் உயர்ந்த காலமும் உறங்கிய காலமும் உண்டு என்று நிபுணர்கள் திருத்துவார்கள். திருத்தம் சரியே. ஆயினும், கண்ணுக்கே தெரியாத தேய்மானம் ஒரு மலைத்தொடரையே விழுங்கப் போதும் என்பதைப் பிள்ளை தன் பென்சிலால் கண்டுபிடித்துவிடுகிறது. எண்ணுக்கு உடம்பு வந்துவிடுகிறது.

பாடநூல்கள் விரும்பிக் கையாளும் உத்தி வேறு: பூமியின் வயதை ஒரே நாளாகவோ ஓராண்டாகவோ சுருக்கி, மனிதன் கடைசி நொடிகளில் வந்தான் என்று முடிப்பது. இது மனிதனின் சிறுமையைச் சொல்கிறதே ஒழிய, காலத்தின் நீளத்தைச் சொல்வதில்லை. கடிகாரத்தைச் சுருக்கியதும் எல்லாமே பரபரப்பாகிவிடுகிறது. அதைவிட நடக்கவைப்பது மேல். ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் ஆண்டு என்று வைத்துக்கொண்டு கபாலீஸ்வரர் கோயில் குளக்கரையிலிருந்து மேற்கே புறப்படுவோம். சென்னை தொடங்கிய 1639 அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். சங்க காலம் இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகள் ஒன்றரை மீட்டரில். திருவக்கரைக் கல்மரங்கள் சுமார் 20 மீட்டரில். டைனோசர்களின் முடிவு 66 மீட்டரில். இன்னும் நாம் மாட வீதியிலேயே நிற்கிறோம். காரை என்னும் ஊரில் கிடைக்கும் அம்மோனைட்டு என்ற கடலுயிர்ப் புதைபடிவங்களுக்குச் சுமார் 100 மீட்டர். லஸ் பக்கம், 540 மீட்டரில், ஓடும் கண்ணும் உள்ள விலங்குகளின் பெருக்கம் தொடங்குகிறது. அதற்கப்பால் ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, பாண்டி பஜார் எல்லாம் தாண்டிப் பனகல் பூங்கா வரைக்கும் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். அந்த வழியில் பெரும்பகுதிக்கு நுண்ணுயிர்களே துணை. கடைசி நீட்டுக்கு அந்தச் சான்றும் இல்லை. ஆழ்வார்பேட்டை தாண்டியபின் ஓரிடத்தில் பரங்கிமலைக் கல்லை வைக்கலாம். காலத்தின் பெரும்பகுதி சம்பவமற்றது என்பதைக் கால்வலிதான் கற்பிக்கும்.

நடை மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று பிள்ளை கேட்கவேண்டும். அதற்குச் சென்னையே நல்ல பாடம் வைத்திருக்கிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கற்களுக்கு நடுவே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கும் அவரும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். எந்தப் படிவின்மேல் எது கிடக்கிறது என்று பார்த்து, இவை மிகப் பழையவை என்று ஃபூட்டால் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. 2011-இல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர், புதைந்த கல்லில் அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புகளின் விகிதத்தையும் மண்ணில் பதிந்த காந்தத் திசையையும் கொண்டு சுமார் 15 லட்சம் ஆண்டு என்று கணக்கிட்டார்கள். வரிசைக்கும் எண்ணுக்கும் இடையே 148 ஆண்டு உழைப்பு. பாறைக்கும் அப்படித்தான். ஜிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கிறது, ஈயத்தைப் பெரும்பாலும் ஒதுக்குகிறது. பின்னாளில் அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. விஞ்ஞானிகள் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே என்பார்க்கும் இங்கே விடை இருக்கிறது. கெல்வின் பூமி குளிர்வதை வைத்து 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே என்றார். 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லின் ஈயத்தை அளந்து சுமார் 455 கோடி என்றார். எண் மாறியது சான்று மாறியதால். அதன்பின் பல வழிகளில் அளந்தும் அது பெரிதாக அசையவில்லை.

மயிலாப்பூரில் பேசும்போது இன்னொரு மறுப்பை ஒதுக்க முடியாது. பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டு, நம் முன்னோர் அப்போதே கண்டுகொண்டார்கள் என்பது அது. கோடிகளுக்கு அஞ்சாத மனம் நம் மரபு தந்த நன்மை. ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் 454-க்கும் 432-க்கும் இடையேயான 22 கோடி ஆண்டு தள்ளுபடி செய்யக்கூடிய சில்லறையன்று. டைனோசர்கள் ஆண்ட காலம் முழுவதும் அதற்குள் அடங்கும். மேலும், புராணக் கணக்கின்படியே, பிரம்மாவின் பகலாகிய இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான். பரங்கிமலைக் கல் அதைவிட மூத்தது. சங்கல்பத்தில் சொல்லும் காலம் வழிபாட்டுக்குரியது, அதைக் கல்லால் சோதிக்கத் தேவையில்லை. இந்தியாவையும் மடகாஸ்கரையும் இணைத்திருந்த நிலத்தில் தமிழர் வாழ்ந்தார்கள் என்னும் குமரிக்கண்டப் பேச்சிலும் இதே குழப்பம். மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன். மனித இனத்தின் வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. 90 மீட்டரில் நடந்ததையும் 30 சென்டிமீட்டருக்குள் நடந்ததையும் ஒரே வரைபடத்தில் ஒட்டிவைத்தால் வரலாறும் கெடும், புவியியலும் கெடும்.

இதெல்லாம் தேர்வுக்கு வருமா, வாழ்க்கைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். 2022-23-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பகுதியையே நீக்கியபின் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. என் தீர்ப்பில் அந்த நீக்கம் தவறு. ‘தட்பவெப்பம் எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது’ என்ற வாதத்தை நாளை இந்தப் பிள்ளைகள் எதிர்கொள்வார்கள். மாறியது உண்மை. 5.6 கோடி ஆண்டுக்கு முன் பூமி திடீரென்று சூடானதாகச் சொல்லும் நிகழ்வில்கூடக் கரிமம் வெளிவரச் சில ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன என்றே கருதுகிறார்கள். நாமோ இருநூறு ஆண்டுக்குள் காற்றின் கரியமில வாயுவைப் பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். வேகக் கணக்கு தெரியாதவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் பரங்கிமலைக்கும் மறுநாள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கற்கருவிகளிடமும் அழைத்துச் செல்லுங்கள். மாநிலக் கல்லூரியிலும் கிண்டி வளாகத்திலும் புவியியல் துறைகள் இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். போகவர ரயில் கட்டணம், ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு. இதற்குமேல் செலவில்லை.