கேமரன் அம்மையாரின் குவியம்



இலக்கிய மேடையில் புகைப்படக் கருவிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். நூலைக் கையெட்டும் தொலைவுக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்கிவிட்டோர் எந்த இலக்கிய அவையிலும் பலர் இருப்பர். வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் ஊரார் சொல்லும் அந்தக் குறை நோயன்று. கண்ணின் வில்லை ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டே வருகிறது. பத்து வயதுப் பிள்ளை 10 செ.மீ.க்கும் குறைந்த தொலைவில் உள்ளதைத் தெளிவாகக் காணும். ஐம்பது வயதில் அந்த எல்லை அரை மீட்டரை நெருங்கிவிடும். படிப்பவருக்கு மூக்குக்கண்ணாடி போதும். கையால் குவியம் திருத்திப் படமெடுப்பவருக்கோ சிக்கல் அதோடு தீர்வதில்லை. எது தெளிவு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய கண்ணே தளர்ந்துவிடுகிறதல்லவா?

கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், கேமராவை முதன்முதலாகக் கையில் எடுத்தது 1863 டிசம்பரில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. அம்மையாருக்கு அப்போது வயது 48. சரியாக வெள்ளெழுத்தின் பருவம். வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூண்டு கண்ணாடி அறையாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. அடுத்த மாதமே, ஆனி என்னும் சிறுமியின் படம் அவருடைய முதல் வெற்றியாக அமைந்தது.

அந்நாளில் குவியம் திருத்துவது எளிய செயலன்று. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் தேய்த்த கண்ணாடிப் பலகையைப் பார்க்க வேண்டும். மங்கலான உருவம் தலைகீழாகத் தெரியும். பலகைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனால் நாற்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு எல்லாம் மசங்கும். விலகினால் நுட்பம் தெரியாது. குவியம் அமைந்தபின் அந்தப் பலகையை அகற்றி, ஈரம் காயாத கொலோடியன் தகட்டைச் செருக வேண்டும். அந்த நொடி முதல் படமெடுப்பவர் எதையும் காண்பதில்லை. எதிரில் அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். எந்தக் குழந்தை இருக்கும்?

தொல்லை இத்துடன் முடியவில்லை. அவருடைய முதல் வில்லை ஏறத்தாழ 12 அங்குலக் குவியத் தொலைவும் அகன்ற வாயும் உடையது. அத்தகைய வில்லையால் அருகிலிருந்து ஒரு முகத்தை எடுத்தால் சில செ.மீ. ஆழமே தெளிவாக விழும். விழி கூர்மையாக இருந்தால் காது கரைந்துவிடும். கொலோடியனோ நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும் பொருள். மனிதக் கண் மஞ்சள், பச்சை ஒளியிலேயே கூர்மை காண்பது. அக்காலத்து வில்லைகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. கண் ஒப்புக்கொண்ட தெளிவைத் தகடு மறுத்துவிடும்.

இலண்டன் புகைப்படக் கழகத்து விமர்சகர்கள் இத்தனையையும் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மையாருக்குத் தொழில் தெரியவில்லை என்றார்கள். அவர் அடங்கிப் போகவில்லை. 1864 இறுதியில் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில், முறையான குவியம் இன்னதென்று விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று வினவினார். பத்தாண்டு கழித்து எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் வேறொன்றையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தொடக்கத்து வெற்றிகள் தற்செயலாக நேர்ந்தவை. குவியம் திருத்தும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே கை நின்றுவிட்டது, மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைவரை வில்லையைத் திருகவில்லை என்பது அவர் விளக்கம். கண்ணின் தளர்ச்சி, வில்லையின் குணம், வேதிப்பொருளின் பிடிவாதம், அமர்ந்தவரின் அசைவு, அவருடைய விருப்பம் ஆகிய ஐந்தையும் அந்த மங்கலிலிருந்து பிரித்தெடுக்க எவராலும் இயலாது. எல்லாம் பார்வைக்குறை என்பவரும் தவறுகிறார். எல்லாம் கலைத்திட்டம் என்று போற்றுபவரும் தவறுகிறார்.

1867இல் அதே ஹெர்ஷலை அவர் படமெடுத்தார். அறிஞருக்கு வயது 75. இருளிலிருந்து எழும் அந்த முகத்தையும் கலைந்த வெண்முடியையும் கண்டவர்கள், காதோரம் மங்கியிருப்பதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். அம்மையாரின் தங்கை மகள் ஜூலியா ஜாக்சனும் அவர் கேமராவின் முன் பலமுறை அமர்ந்தவர். அவரே வர்ஜீனியா உல்ஃபின் தாய். உல்ஃபும் ரோஜர் ஃப்ரையும் முன்னுரை எழுத, அப்படங்களின் தொகுப்பு 1926இல் வெளிவந்தது.

பிற்காலத்துத் தொழில்நுட்பம் தளர்ந்த கண்ணுக்கு ஒரு நல்ல வழி கண்டது. பிளவுப் படத் திரை என்பது அது. திரையின் நடுவில் எதிரெதிராகச் சாய்ந்த இரு ஆப்புவடிவக் கண்ணாடிகள் இருக்கும். குவியம் பிசகினால் தூணின் மேல்பாதி ஒருபுறமும் கீழ்பாதி மறுபுறமும் விலகி நிற்கும். இரண்டும் ஒரே கோடாகும்போது குவியம் சரி. கண் இங்கே கூர்மையைத் தேடுவதில்லை. கோடு பொருந்துகிறதா என்றே பார்க்கிறது. கோடுகளின் விலகலை உணரும் ஆற்றல், எழுத்துகளைப் பிரித்தறியும் ஆற்றலினும் பன்மடங்கு நுண்ணியது. முதுமையிலும் எளிதில் குன்றுவதில்லை. 1954இல் வந்த லைக்கா எம் 3இன் இரட்டைப் படத்தைப் பொருத்தும் முறையும் இதன் உறவே. ஒற்றை வில்லை ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில் திரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும்படி கண்வில்லை அமைந்திருக்கும். அதனால் படிக்கும் கண்ணாடியை அணிந்து அதில் பார்ப்பவர் ஏமாறுவார். கண்வில்லையைத் திருகித் திருத்தலாம். ஆனால் அது கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்குமே உதவும். சிதறல் பார்வை உள்ளவர் தம் கண்ணாடியைக் கழற்றலாகாது. 1977இல் கோனிக்கா சி 35 ஏஎஃப் தானே குவியம் காணும் கருவியாகச் சந்தைக்கு வந்தது. மூக்கு நுனியா, இமையா, எங்கே நிற்பது என்பதைப் பொறியே முடிவுசெய்யத் தொடங்கிய காலம் அது. கேமரன் அம்மையார் அதனோடு சண்டையிட்டிருப்பார்!

1875இல் அவரும் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழு என்று வரலாற்று நூல்களில் இடம்பெறும் கேமரன் அவரே. காப்பித் தோட்டங்கள் நோயால் நலிந்துகொண்டிருந்த காலம். களுத்துறையில் இருந்தபோது, 1877இல் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நார்த்தை அம்மையார் படமெடுத்தார். உழைப்பாளர்களையும் ஊர்மக்களையும் எடுத்தார். அறுபதைக் கடந்த அக்கண்கள் கறுப்புத் துணிக்குள் கண்டவற்றில் சில படங்களே இன்று எஞ்சியுள்ளன. 1879 சனவரியில் திக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு கணவரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.