தூக்குக் கயிறு மலிவா?

(ஆவூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



சற்று முன் ஒரு தோழர், "கொலைகாரனை ஆயுள் பூராவும் நம் வரிப்பணத்தில் வைத்துச் சோறு போடுவதா? ஒரு கயிற்றோடு தீராதா?" என்று கேட்டார். கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாமா?

செஷன்ஸ் கோர்ட் தூக்கு என்றதும் கயிறு மாட்டிவிட முடியாது. ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும். பிறகு சுப்ரீம் கோர்ட். பிறகு ஜனாதிபதிக்குக் கருணை மனு. படிக்குப் படி வக்கீல், காவல், கட்டுக் கட்டாய்க் காகிதம். அத்தனை வருஷமும் சோறும் போட்டாக வேண்டும். ஆயுள் கைதியாவது ஜெயிலில் உழைக்கிறான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 1978 முதல் இதற்குச் செலவிட்டது சுமார் 400 கோடி டாலர் என்று 2011-இல் கணக்கிட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் 13 பேர்!

"படிகளைக் குறைத்தால் செலவு குறையுமே" என்பீர்கள். ராஜீவ் வழக்கைப் பாருங்கள். 1998 ஜனவரி 28-இல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட், அவர்களில் 19 பேர் மீது கொலைச் சதிக் குற்றம் நிற்காது என்றது. அந்தப் படி இல்லாதிருந்தால் 19 பிணங்கள்! தூக்கு உறுதியான நால்வரில் பேரறிவாளன் ஒருவர். 2011 செப்டம்பர் 9-இல் தூக்கிலிட நாள் குறித்தார்கள், ஹைகோர்ட் தடுத்தது. 2013-இல், அவரது வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, அதை அவர் சொன்னபடி முழுதும் எழுதவில்லை என்றார். 2014-இல் தூக்கு ஆயுளாயிற்று. 2022 மே 18-இல் விடுதலை. 2011-இல் கயிறு இறுகியிருந்தால் அந்த அதிகாரியின் வார்த்தை யாருக்கு உதவும்? அற்புதம்மாளுக்கு அரசாங்கம் எந்தக் கஜானாவிலிருந்து மகனைத் திருப்பிக் கொடுக்கும்?

தோழர்களே! மனுதர்மம் மற்றவனுக்கு உயிர்த் தண்டனையும், பார்ப்பானுக்குத் தலைமொட்டையும் சொல்லிற்று. இன்று சட்டத்தில் அந்தப் பேதமில்லை. ஆனால் நல்ல வக்கீல் வைக்கக் காசில்லாதவன் கதி என்ன? இந்த ஊரில் பெரிய மாதா கோவில் இருக்கிறது. அங்கே சிலுவையில் தொங்குபவர் கடவுளா என்பது வேறு வழக்கு. ஆனால் அவரும் அரசாங்கம் கொன்ற ஒரு கைதிதான். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து, "தூக்கில் போடு" என்பது என்ன பக்தி?

குற்றவாளியை விட்டுவிடச் சொல்லவில்லை. அடைத்து வையுங்கள். தப்பு நேர்ந்தால் ஜெயில் கதவைத் திறக்கலாம். சுடுகாட்டைத் திறக்க முடியாது. மலிவு எது என்று நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.